காற்றைத் தின்னும் பிராணி: கூண்டுக்குள் நோயுற்ற பச்சோந்திகளின் வரலாறு

பச்சோந்தி எண்டவுடனே எங்கட ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வாறது ஒரு அரசியல்வாதியின் முகம். தேர்தலுக்குத் தேர்தல் கட்சி மாறுபவரை, ஊருக்கு ஊர் கதையை மாற்றுபவரைத் திட்டுவதற்கு இவ்வளவு வசதியான வேறு சொல் தமிழில் குறைவு. அந்தச் சொல்லைப் பாவித்துப் பாவித்து, அதுக்குப் பின்னால் உயிருள்ள ஒரு பிராணி இருக்குது எண்டதையே நாங்கள் மறந்துவிட்டோம். அதுக்கும் சளி பிடிக்கும். எலும்பு வளையும். தாகத்தில் கண் உள்ளுக்குப் போகும்.

இன்னொரு பக்கம், போனைத் திறந்தால் வேறொரு பச்சோந்தி வருகிறது. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஒருவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு, நீலமும் சிவப்புமாக மினுங்கிக்கொண்டு இருக்கும் செல்லப்பிராணி. கீழே நூற்றுக்கணக்கில் இதயங்கள். அதே பக்கங்களில் கொஞ்சம் தேடிப் பார்த்தால் இன்னொரு வகைக் காணொளியும் கிடைக்கும்: பகலிலேயே கண்ணை மூடிக்கொண்டு, கிளையைப் பிடிக்க முடியாமல் கூண்டின் அடியில் கிடக்கும் பச்சோந்தி. "என்ன செய்யிறது?" எண்டு அழுதுகொண்டு கேட்கும் ஒருவர்.

அந்தக் கேள்வி புதிது இல்லை. பிடித்துக்கொண்டு போய்க் கூண்டில் வைத்த பச்சோந்திகள், முப்பது நாற்பது வருடங்களுக்கு முந்தி வரைக்கும், பெரும்பாலும் சில மாதங்களுக்குள் செத்துப்போயின. வைத்திருந்தவர்கள் கொடூரமானவர்களா? அப்படிச் சொல்ல முடியாது. அவர்களில் பலர் அந்தப் பிராணியை உண்மையாகவே நேசித்தவர்கள். இந்தப் பிராணி எதைக்கொண்டு உயிர்வாழ்கிறது என்பது பற்றி மனிதர்களிடம் இருந்த எண்ணங்கள்தான் பிழைத்துக்கொண்டே வந்தன. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு நோய் இருந்தது. அந்த நோய்களின் வரிசையில் இந்த வரலாற்றைச் சொல்லிப் பார்க்கலாம்.

காற்று மட்டும் போதும் என்ற நம்பிக்கை

பச்சோந்தி பற்றி எங்களுக்குக் கிடைக்கும் மிகப் பழைய விரிவான விவரணை அரிஸ்ரோட்டிலுடையது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய விலங்குகளின் வரலாறு என்ற நூலின் இரண்டாம் புத்தகத்தில் இது வருகிறது. எல்லாப் பக்கமும் திரும்பும் கண், ஆமையைப் போல மெதுவான நடை, உடலை ஊதும்போது மாறும் நிறம் என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார். வாசிக்கும்போது "மனுசன் உண்மையாகவே பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்" எண்டு தோன்றும். கூடவே இன்னொரு தகவலும் இருக்கிறது. பச்சோந்தியை நீளவாக்கில் வெட்டித் திறந்த பிறகும் அது நெடுநேரம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் என்கிறார். அதாவது, உயிரோடு வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். மனிதர் கைக்கு வந்த பச்சோந்தியின் கதை எழுத்தில் தொடங்கும் இடத்திலேயே ஒரு கத்தி இருக்கிறது.

அதுக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அரிஸ்ரோட்டிலைப் போலப் பார்த்து எழுதவில்லை. கி.பி. முதலாம் நூற்றாண்டில் றோமாபுரியின் பிளினி தன் இயற்கை வரலாறு நூலின் எட்டாம் புத்தகத்தில், உணவும் நீரும் இல்லாமல் காற்றை மட்டும் உண்டு வாழும் ஒரே விலங்கு பச்சோந்தி என்று எழுதினார். எப்போதும் வாயைத் திறந்துகொண்டு நிமிர்ந்து நிற்கும் என்றும் சொன்னார். இந்த ஒரு கருத்து பதினைந்து நூற்றாண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், வெறும் வாக்குறுதி நிரம்பிய காற்றைத் தின்று பச்சோந்தி போல வாழ்வதாகச் சொல்வான். பார்வையாளர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எல்லாருக்கும் தெரிந்த 'உண்மை' அது.

ஏன் நம்பினார்கள்? மூன்று காரணங்கள் எனக்குத் தெரிகின்றன. ஒன்று, பச்சோந்தி பல நாள் உணவு இல்லாமல் தாக்குப்பிடிக்கும். இரண்டு, அது உண்பதைக் கண்ணால் காண்பது கஷ்டம். உடம்பைவிட நீளமாகப் பாயக்கூடிய நாக்கு, ஒரு கண்சிமிட்டலுக்குள் போய்ப் பூச்சியோடு திரும்பிவிடும். மூன்று, அதன் நுரையீரலில் இருந்து பை போன்ற பகுதிகள் உடலுக்குள் நீண்டு கிடக்கின்றன. கோபம் வந்தால் காற்றை நிரப்பி உடம்பைப் பெரிதாக்கும். திறந்து பார்த்தவனுக்கு முதலில் தெரிவது காற்றுப் பைதான்.

பிளினியின் அந்த "திறந்த வாய்" பற்றி ஒரு விசயத்தைச் சொல்ல வேணும். ஒரு பச்சோந்தி வாயைத் திறந்தபடி, தலையை மேலே தூக்கிக்கொண்டே இருந்தால் இன்றைய மிருக வைத்தியர் இரண்டு விசயங்களைச் சந்தேகிப்பார்: ஒன்று உடம்பு அளவுக்கு மிஞ்சிச் சூடாகியிருக்க வேண்டும், அல்லது சுவாசத் தொற்று வந்து மூச்சுவிடக் கஷ்டப்பட வேண்டும். பிளினிக்குக் கதை சொன்னவர்கள் பார்த்தது எந்தப் பச்சோந்தியை எண்டு யோசித்துப் பாருங்கள். காட்டில் சுகமாக இருந்ததையா, கூடையில் அடைத்து வெயிலில் கொண்டுவந்ததையா? இது என் ஊகம் மட்டும்தான். ஆனால் "காற்றைத் தின்னும் பிராணி" என்று இரண்டாயிரம் வருடம் கொண்டாடப்பட்ட படம், மூச்சுக்குத் தவித்த ஒரு நோயாளியின் படமாக இருக்கவும் இடம் உண்டு.

நம்பிக்கையின் விளைவு எளிமையானது. காற்று போதும் எண்டு நம்புகிறவர் ஈ பிடித்துக் கொடுக்க மாட்டார். பட்டினி கிடக்கும் பச்சோந்தி பல நாள் உயிரோடு இருக்கும்போது, அந்தத் தாமதமே நம்பிக்கைக்குச் சாட்சியாகிவிடும். கடைசியில் அது செத்தால், குளிர்தான் காரணம் என்று முடித்துவிடலாம்.

1646இல் இங்கிலாந்தின் மருத்துவர் தோமஸ் பிரவுண், மக்களிடையே பரவியிருந்த பிழையான நம்பிக்கைகளைப் பற்றிய தன் பெரிய நூலில் பச்சோந்திக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கினார். அவருடைய வாதம் இன்றைக்கும் வாசிக்க நல்லாயிருக்கு. காற்றுத்தான் உணவு எண்டால் வயிறு எதுக்கு? குடல் எதுக்கு? இப்படியொரு நாக்கு எதுக்கு? உடம்பில் உள்ள உறுப்பே நூலில் உள்ள வாக்கியத்துக்கு எதிரான சாட்சி என்றார்.

பாரிஸில் இரண்டு விதமான பார்வை

அடுத்த கட்டம் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பதினான்காம் லூயியின் பாரிஸில் நடக்கிறது. 1666இல் அங்கே அரச விஞ்ஞானக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் உறுப்பினர்களில் ஒருவர் குளோட் பெரோ. மருத்துவர், லூவர் மாளிகையின் புகழ்பெற்ற தூண் முகப்போடு பெயர் சேர்ந்த கட்டடக் கலைஞர், சின்டரெல்லா கதையை எழுதிய சார்ள்ஸ் பெரோவின் அண்ணன். எகிப்திலிருந்து வந்த ஒரு பச்சோந்தியை அவர்கள் உயிரோடு வைத்துக் கவனித்தார்கள். அது ஈ பிடித்துத் தின்றதைப் பார்த்தார்கள். இறந்த பிறகு அதைத் திறந்து ஒவ்வொரு உறுப்பாகப் பதிவு செய்தார்கள். 1669இல் வெளிவந்த அந்த அறிக்கையில் பச்சோந்தியோடு பீவர், ஒட்டகம், கரடி, கசெல் மான் ஆகியவையும் இருந்தன. காற்றுக் கதைக்கு அது பெரிய அடி.

அதே நகரத்தில், சில வருடங்கள் கழித்து, இன்னொரு வீட்டுக்குப் பச்சோந்திகள் வந்தன. மட்லென் டி ஸ்குடெரி அந்தக் காலத்தின் மிகப் பிரபலமான நாவலாசிரியைகளில் ஒருவர். எழுத்தாளர்கள் சனிக்கிழமைகளில் அவர் வீட்டில் கூடுவார்கள். 1672இல் எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து அவருக்குப் பச்சோந்திகள் அனுப்பப்பட்டன. அவர் அவற்றைச் செல்லப்பிராணிகளாக வைத்திருந்தார். நிறம் எப்ப மாறுது, ஆளைக் கண்டால் என்ன செய்யுது எண்டு கவனித்தார். 1688இல் இரண்டு பச்சோந்திகளின் வரலாறு என்று அதை எழுதி வெளியிட்டார்.

அந்தச் சின்னக் கதைக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டை இருந்தது. அதுக்கு அரை நூற்றாண்டுக்கு முன், 1637இல், டெகார்ட் விலங்குகளை உணர்வில்லாத இயந்திரங்களுக்கு ஒப்பிட்டிருந்தார். மணிக்கூடு அடிப்பது போலத்தான் நாய் கத்துவதும். ஸ்குடெரி இதை ஏற்கவில்லை. தன் பச்சோந்திகள் தன்னை அடையாளம் காண்கின்றன, அவற்றுக்கு விருப்பும் வெறுப்பும் இருக்கின்றன என்று வாதிட்டார். அறிஞர் கூட்டத்துக்குள் இடம் கிடைக்காத ஒரு பெண், தன் வீட்டுக்குள் இருந்த பிராணியைச் சாட்சியாக வைத்துத் தத்துவத்தோடு வாதாடியிருக்கிறார். (பெரோ அதே 1688இல் இறந்தார். ஒட்டகம் ஒன்றை வெட்டி ஆராய்ந்தபோது ஏற்பட்ட தொற்றுத்தான் காரணம் என்பார்கள்.)

பெரோவா ஸ்குடெரியா சரி எண்டு கேட்டால், நோயுற்ற விலங்கைப் பராமரிக்க இரண்டும் தேவை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வைத்தியம் செய்ய முடியாது. ஆனால் நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் இந்த ஒரு பிராணியில் என்ன மாறியிருக்கிறது என்று கவனிக்க ஆள் இல்லாவிட்டால், நோய் இருப்பதே தெரியவராது. பச்சோந்தி விசயத்தில் இது இன்னும் முக்கியம். தன்னைத் தின்ன வருபவனுக்குப் பலவீனத்தைக் காட்டக்கூடாது என்பதால் அது நோயை முடிந்த மட்டும் மறைக்கும். வெளியில் தெரியும்போது பெரும்பாலும் பிந்திவிடும்.

சங்கிலியும் சீனித்தண்ணியும்

இவ்வளவு ஆராய்ச்சி நடந்த பிறகும் காற்றுக் கதை முழுதாகச் சாகவில்லை. வேசம் மாறி வந்தது. 1890களில் அமெரிக்காவில் பெண்களின் உடையில் உயிருள்ள "பச்சோந்தி"யை நகை போலக் குத்திக்கொள்ளும் ஒரு பைத்தியக்கார நாகரிகம் பரவியது. கழுத்தில் மெல்லிய சங்கிலி, சங்கிலியின் மறுமுனையில் ஊசி. உண்மையில் அது பச்சோந்தியே இல்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வாழும் அனோல் என்ற சின்னப் பச்சைப் பல்லி. பச்சையிலிருந்து மண்ணிறத்துக்கு மாறும் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. விலங்கு நலச் சங்கங்கள் இதை எதிர்த்தன.

இந்தப் பல்லிகள் பிறகும் நெடுங்காலம் சந்தைகளிலும் சர்க்கஸ்களிலும் விற்கப்பட்டன. சீனித்தண்ணி கொடுத்தால் போதும் என்ற கதையும் அவற்றோடு சேர்ந்து போனது. காற்றின் இடத்தில் சீனித்தண்ணி, அவ்வளவுதான் வித்தியாசம். வாங்கியவரின் பிள்ளை நல்ல மனசோடு சீனித்தண்ணி வைக்கும், பல்லி கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டினியால் சாகும்.

கண்ணாடிக்கு வெளியே நின்ற வெயில்

உணவு விசயம் ஒருவாறு தெரிந்த பிறகும் சாவு நிற்கவில்லை. பூச்சி நிறையக் கொடுத்தும், சூடாக வைத்தும், கூண்டிலிருந்த ஊர்வனவற்றின் கால்கள் வில்லாக வளைந்தன. தாடை ரப்பர் போல இளகியது. பச்சோந்திக்கு இது இரட்டைத் தண்டனை. தாடை எலும்பும் தசையும் பலவீனமானால் அதன் நாக்கு ஒழுங்காகப் பாயாது. பூச்சி கண்ணுக்கு முன்னால் இருக்கும், பிடிக்க முடியாது. இப்போது இதை வளர்சிதை எலும்பு நோய் என்கிறார்கள்.

இந்த நோய்க்கான விடை முதலில் வந்தது மனிதப் பிள்ளைகளின் வார்டுகளிலிருந்தும் ஒரு சிங்கக் கூண்டிலிருந்தும். 1889இல் லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் சிங்கக் குட்டிகள் கால் வளைந்து செத்துக்கொண்டிருந்தன. கொழுப்பில்லாத குதிரை இறைச்சிதான் சாப்பாடு. ஜோன் பிளான்ட்-சட்டன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், நொறுக்கிய எலும்பும் மீன் எண்ணெயும் சேர்க்கச் சொன்னார். குட்டிகள் தேறின. விற்றமின் என்ற சொல்லே அப்போது இல்லை.

1919இல் பேர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற குழந்தை வைத்தியர், ரிக்கெட்ஸ் எனப்படும் எலும்பு மெலிவு நோய் வந்த பிள்ளைகளுக்குப் பாதரச விளக்கின் புற ஊதாக் கதிர் காட்டினார். ஒரு கைக்கு மட்டும் வெளிச்சம் படவைத்தபோது மற்றக் கை எலும்பும் சேர்ந்தே குணமானது. அதாவது, தோலில் பட்ட வெளிச்சம் உடல் முழுதும் போகும் ஏதோவொன்றை உருவாக்குகிறது. அதுதான் நாங்கள் இண்டைக்கு விற்றமின் டி என்கிற பொருள். வெயிலில் உள்ள புற ஊதா-பி கதிர் தோலில் பட்டால் அது உருவாகும். அது இல்லாவிட்டால் சாப்பிடும் கல்சியம் எலும்புக்குப் போய்ச் சேராது. சாதாரண யன்னல் கண்ணாடி அந்தக் கதிரை மறித்துவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் வெளிச்சமும் சூடும் போகும், தேவையான கதிர் மட்டும் வெளியிலேயே நின்றுவிடும்.

இந்த அறிவை ஊர்வனவற்றின் கூண்டுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜோன் புரொக்டர். 1897இல் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே வயிற்று நோயால் அவதிப்பட்டதால் பல்கலைக்கழகம் போக முடியவில்லை. இருந்தும் 1923இல் லண்டன் மிருகக்காட்சிச்சாலையின் ஊர்வனப் பிரிவுப் பொறுப்பாளராகி, அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் ஆனார். நோய்ப்பட்ட ஊர்வனவற்றுக்குத் தானே சிகிச்சையும் செய்தார். 1927இல் அவர் திட்டமிட்ட புதிய ஊர்வன இல்லம் திறக்கப்பட்டது. கூண்டின் ஒவ்வொரு பகுதிக்கும் வெவ்வேறு அளவில் மின்சூடு, புற ஊதாக் கதிரை உள்ளே விடும் விசேட கண்ணாடி. விலங்கு தனக்குத் தேவையான சூட்டைத் தானே தெரிவு செய்யலாம். 1931இல், 34 வயதில் அவர் இறந்தார். நாள் முழுக்க நோயோடு வாழ்ந்த ஒருவர், வாய் பேசாத நோயாளிகளுக்கு அப்படி ஒரு வீட்டைக் கட்டிவிட்டுப் போனார் என்பது எனக்குப் பெரிய விசயமாகப் படுகிறது.

ஆனால் மிருகக்காட்சிச்சாலைக்குத் தெரிந்தது சாதாரண வளர்ப்பாளர்களுக்கு வந்துசேர இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது. புற ஊதா-பி தரும் விளக்குகள் வீட்டுக் கூண்டுகளில் பரவலாகியது 1980, 90களுக்குப் பிறகுதான். கடையில் வாங்கும் வெட்டுக்கிளி, சில்வண்டு வகைகளில் கல்சியம் மிகக் குறைவு, பொஸ்பரஸ் கூட. அதனால் பூச்சியின் மேல் கல்சியத் தூள் தூவிக் கொடுக்கும் பழக்கமும் வந்தது. உடனே மறுபக்கப் பிழையும் வந்தது: "விற்றமின் தானே" எண்டு அள்ளிப் போட்டவர்களின் பச்சோந்திகளுக்கு உள்ளுறுப்புகளில் கல்சியம் படிந்தது.

2009இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு இந்த இடத்தில் அழகான ஒன்றைச் சொன்னது. மடகஸ்காரின் சிறுத்தைப் பச்சோந்திகளை வைத்துச் செய்தது. உணவில் விற்றமின் டி குறைவாகக் கிடைத்தவை புற ஊதா வெளிச்சத்தைத் தேடிப் போய்க் கூடுதல் நேரம் காய்ந்தன. போதிய அளவு கிடைத்தவை குறைவாகக் காய்ந்தன. தனக்கு எவ்வளவு மருந்து வேணும் எண்டு நோயாளிக்கே தெரிந்திருக்கிறது. வெயிலும் நிழலும் இரண்டுமே எட்டும் தூரத்தில் இருக்க வேணும், அவ்வளவுதான்.

கிண்ணத்தில் தண்ணீர் இருந்தும் தாகம்

அடுத்தது தண்ணீர். பச்சோந்தி இலையில் நிற்கும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கித்தான் குடிக்கும். கிண்ணத்தில் அசையாமல் நிற்கும் தண்ணீரைப் பெரும்பாலானவை தண்ணீராகவே கண்டுகொள்ளா. தினமும் கிண்ணத்தைக் கழுவி நிரப்பி வைத்த எத்தனையோ நல்ல மனிதர்களின் கூண்டில் பச்சோந்தி தாகத்தால் செத்திருக்கிறது. கண் உள்ளுக்குப் போகும், தோல் சுருங்கும், வெள்ளையாக இருக்க வேண்டிய கழிவுப் பகுதி கடும் மஞ்சளாக, செம்மஞ்சளாக மாறும். நாள்பட்டால் சிறுநீரகம் கெட்டு, மூட்டுகள் வீங்கும். இன்றைக்கு நல்ல வளர்ப்பாளர்கள் இலைகளுக்குத் தண்ணீர் விசிறுவார்கள், துளித்துளியாக வடிய விடுவார்கள்.

பிறகு, அந்தப் பழைய காற்று. மீன் தொட்டி மாதிரியான மூடிய கண்ணாடிப் பெட்டியில், ஈரமும் சூடும் கூடி, காற்று அசையாமல் நின்றால் சுவாசத் தொற்று வரும். அதனால்தான் பல இனங்களுக்கு வலைக் கூண்டு நல்லது என்கிறார்கள். பிளினி சொன்னதில் ஒரு துளி உண்மை இப்படித் தற்செயலாக மிஞ்சிக் கிடக்கிறது: பச்சோந்தி காற்றைத் தின்பதில்லை, ஆனால் அசையும் காற்று இல்லாமல் சுகமாக இருக்காது.

கடைசியாக, தனிமை. பெரும்பாலான பச்சோந்திகள் தனியாக வாழ்பவை. "பாவம், தனிய இருக்குது" எண்டு இன்னொன்றைப் பக்கத்தில் வைப்பதும், அன்பு மிகுதியில் அடிக்கடி தூக்கித் தடவுவதும் அவற்றுக்குத் தொடர்ச்சியான பயம். அந்தப் பயம் நோய் எதிர்ப்பைக் குறைக்கும், சாப்பாட்டைக் குறைக்கும். எங்கட நிறம் பற்றிய பிழையும் இங்கேதான் வந்து சேருது. பச்சோந்தி பின்னணிக்கு ஏற்றமாதிரி ஒளிந்துகொள்ளத்தான் நிறம் மாற்றுகிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது சூட்டைக் கட்டுப்படுத்தவும் மற்றப் பச்சோந்திகளோடு "பேச"வும்தான். 2015இல் ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தோல் கலங்களுக்குள் இருக்கும் மிக நுண்ணிய பளிங்குகளின் இடைவெளி மாறுவதால் இது நடக்கிறது என்று காட்டினார்கள். குளிரிலும் பயத்திலும் கறுக்கும், நோயில் மங்கும். அது தன் நிலைமையை உடம்பு முழுக்க எழுதிக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. "கறுப்பு வடிவா இருக்கு" எண்டு படம் எடுப்பவருக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது.

பெட்டியில் ஏற்றப்பட்ட காடு

இவ்வளவு பச்சோந்திகளும் எங்கிருந்து வந்தன? கென்யா, தன்சானியா, மடகஸ்கார். காலனித்துவ காலத்தில் அருங்காட்சியகங்களுக்கு மாதிரிகள் போன அதே பாதையில், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்லப்பிராணிக் கடைகளுக்கு உயிருள்ளவை போயின. பிடிபட்டு, பையில் கட்டி, நாட்கணக்கில் தண்ணீர் இல்லாமல் விமானத்தில் போய் இறங்கும்போது, காட்டில் பெரிய தீங்கு செய்யாமல் உடலுக்குள் இருந்த ஒட்டுண்ணிப் புழுக்கள் பலவீனமான உடம்பில் பெருகிவிடும். வாங்கியவருக்குக் கிடைப்பது ஏற்கனவே நோயாளியான ஒரு விலங்கு.

ஒரு தீவின் வரலாற்றையே இந்த நோய் மாற்றியிருக்கிறது. 1972இல் ஹவாயின் ஓவாகு தீவில் ஒரு செல்லப்பிராணிக் கடைக்காரர் கென்யாவிலிருந்து சில டசின் ஜாக்சன் பச்சோந்திகளை இறக்குமதி செய்தார். மூன்று கொம்புகள் உள்ள, மலைக்காட்டுக் குளிருக்குப் பழகிய இனம். அவை மெலிந்து, நீர் வற்றி வந்து சேர்ந்தன. தேறட்டும் எண்டு தன் வீட்டு வளவில் விட்டார். தேறின, ஆனால் திரும்பி வரவில்லை. இன்றைக்கு ஹவாயின் பல தீவுகளில் அவற்றின் வாரிசுகள் பரவி, அங்கேயே உரிய பூச்சிகளையும் நத்தைகளையும் தின்கின்றன. கூண்டில் நோயாளியாக இருந்தது, மரமும் மழையும் கிடைத்தவுடன் வைத்தியர் இல்லாமலே எழும்பிவிட்டது. அதுக்கான விலையை அந்தத் தீவின் நத்தைகள் கட்டுகின்றன.

பச்சோந்திகளின் சர்வதேச வணிகம் 1977இல் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. 1995இல் மடகஸ்காரிலிருந்து நான்கு இனங்களைத் தவிர மற்றவற்றின் ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. காட்டிலிருந்து வருவது குறைந்ததும், யேமனின் முக்காட்டுப் பச்சோந்தி, மடகஸ்காரின் சிறுத்தைப் பச்சோந்தி போன்றவற்றைக் கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறை வளர்ந்தது. அவை வருடக்கணக்கில் வாழ்கின்றன. ஆனால் புது வாழ்க்கை புது நோயையும் கொண்டுவந்தது. சாப்பாடு மிதமிஞ்சிக் கிடைக்கும் பெண் முக்காட்டுப் பச்சோந்தி, ஆண் இல்லாமலே பெரும் தொகையாக முட்டைகளை உருவாக்கும். தோண்டி இட மண் இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கிச் சாவும் வரலாம். ஒரு காலத்தில் பட்டினியால் கொன்றோம், இப்போது ஊட்டி ஊட்டி நோயாக்குகிறோம்.

எல்லாச் சாவும் பராமரிப்பின் பிழை என்றும் சொல்ல முடியாது. மடகஸ்காரின் லபோர்ட் பச்சோந்தி முட்டையிலிருந்து வந்து நாலைந்து மாதத்தில் வாழ்ந்து முடித்துவிடும் என்று 2008இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். முட்டைக்குள் எட்டு ஒன்பது மாதம், வெளியில் அதில் பாதி. காட்டிலேயே அதன் ஆயுள் அவ்வளவுதான்.

எங்கட ஊர்ப் பச்சோந்தி

தென்னாசியாவில் இருப்பது ஒரே ஒரு பச்சோந்தி இனம். 1768இல் வியன்னாவில் வெளியான நூலில் லௌரென்டி அதுக்கு வைத்த பெயர் கமேலியோ செய்லானிகஸ். 'இலங்கைக்குரிய' எண்டுதான் அதன் அர்த்தம். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இருந்தாலும் உலகம் அதை எங்கட நாட்டுப் பெயரால்தான் அழைக்குது. இங்கே வரண்ட பிரதேசங்களின் பற்றைகளிலும் மரங்களிலும் வாழ்கிறது. நாங்கள் அதை மேடையில் காண்கிற அளவுக்கு மரத்தில் காண்பதில்லை. கண்டாலும் விசம் எண்டு அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதுக்கு விசமே கிடையாது.

அதைப் பிடித்து வளர்க்க எங்கட நாட்டில் சட்டம் இடம் கொடுக்காது. 1937இல் வந்த விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்ட உயிர். இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. மேலே எழுதியதையெல்லாம் வாசித்த பிறகு இது வெறும் தடையாகத் தெரியாது எண்டு நம்புகிறேன். வெயில், நிழல், இலைத்துளி, அசையும் காற்று, தோண்ட மண், தனிமை: ஒரு வைத்தியரும் மின்கட்டணமும் சேர்ந்து கஷ்டப்பட்டுத் தருவதை ஒரு பூவரசு மரம் சும்மா தருகிறது.

வீதியில் அடிபட்டோ நாய் கடித்தோ ஒன்றைக் கண்டால் என்ன செய்யலாம்? காற்றுப் போகும் கடதாசிப் பெட்டியில், பிடிக்க ஒரு சின்னக் கிளையோடு, நிழலில் வையுங்கள். வாய்க்குள் தண்ணீரோ சாப்பாடோ திணிக்காதீர்கள். கூட்டம் கூட்டிப் படம் எடுக்காதீர்கள். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். வெளிநாட்டில் சட்டப்படி வளர்க்கும் எங்கட சொந்தக்காரருக்கு இதை அனுப்பினால், ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தால், பிடி தளர்ந்தால், நாக்கு குறி தவறினால், வாய் திறந்தபடியே இருந்தால் இணையத்தில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஊர்வன தெரிந்த மிருக வைத்தியரிடம் அண்டைக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள்.

வரலாறு படிக்கிற எங்களுக்கு நூல்களைச் சந்தேகிக்கச் சொல்லித் தருகிறார்கள். பிளினியின் ஒரு வாக்கியத்தை நம்பிப் பதினைந்து நூற்றாண்டு ஓடியது. அந்த வாக்கியத்தைப் பிழையென்று காட்டத் தேவைப்பட்டது ஒரு ஈயும், அதைக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆளும்தான்.